உருசிய மொழித் தேர்வும் தமிழ் இலக்கணக் கண்ணும்

1. முன்னுரை

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்பது அந்நகர். அங்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் மாணவருள் மேற்படிப்புக் கருதி உருசிய நாடு செல்ல முனைவோரும் உளர். அங்ஙனம் முனைந்து உருசிய மொழித் தேர்வுக்கு ஆயத்தமாகிய மாணவர் ஒருவரின் குறிப்பேட்டினைக் காணும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது.

அக்குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில், தம் வயதைக் கூறும் உருசியத் தொடரை அவர் எழுதியிருந்தார். ‘ம்நே த்வாத்சத் லேத்’ என்பது அத்தொடர். அதன் எதிரே ஆங்கிலப் பொருளும், அதன் கீழே, ‘இத்தொடர் ஆங்கில அமைப்புக்கு மாறானது, நெட்டுருச் செய்க’ என்ற குறிப்பும் காணப்பட்டன. ‘இதனைத் தமிழில் எங்ஙனம் கூறுவீர்?’ என்று யாம் வினவினோம். ‘எனக்கு இருபது வயது’ என்றார் அவர். கூறியவுடன் தாமே நகைத்தார். ‘ம்நே’ என்பது ‘எனக்கு’. ‘த்வாத்சத்’ என்பது ‘இருபது’. ‘லேத்’ என்பது ‘ஆண்டுகள்’. சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு, இரு தொடரும் ஒத்து நின்றன. ஆறு திங்களாக அவர் நெட்டுருச் செய்துவந்தது அவர்தம் தாய்மொழியின் தொடரமைப்பே.

இந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து. தமிழர்க்கும் உருசியர்க்கும் இடையே மொழி கற்றல் எவ்வழியே நிகழ்ந்தது? தமிழ் மாணவன் உருசியத்தை ஆங்கிலத்தின் வழியாகவே நோக்கும் நிலை எங்ஙனம் நேர்ந்தது? தமிழ் இலக்கண அறிவு அத்தேர்வுக்கு எவ்வளவு துணையாகும், எங்கே துணையாகாது? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2. இடைமொழி வழியே நேர்ந்த அறிமுகம்

இரு மக்களும் ஒருவரையொருவர் அறிந்தது முதலில் பிறமொழி வாயிலாகவே ஆகும். 1908ஆம் ஆண்டில் தால்சுதாய் இந்திய இளைஞர் ஒருவர்க்கு விடுத்த புகழ்பெற்ற மடலில் திருக்குறட் கருத்துகளை எடுத்தாண்டுள்ளார். அவர் குறளைத் தமிழிற் கற்றவர் அல்லர். ஐரோப்பிய மொழிபெயர்ப்பு வழியே அறிந்தவர். 1917ஆம் ஆண்டுப் புரட்சியை வரவேற்றுப் ‘புதிய ருஷ்யா’ பாடிய பாரதியார்க்கும் அந்நாட்டுச் செய்தி உருசிய மொழியில் எட்டியதன்று.

இந்நிலை நெடுங்காலம் நீடித்தது. கோர்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கிய தொ. மு. சி. ரகுநாதனும், தால்சுதாயின் ‘போரும் அமைதியும்’ என்னும் பெருநாவலைத் தமிழுக்குத் தந்த டி. எஸ். சொக்கலிங்கமும் ஆங்கில மொழிபெயர்ப்பினையே மூலமாகக் கொண்டனர். அவர்தம் தமிழ்நடை சிறந்தது; அவர்தம் தொண்டு பெரிது. ஆயினும் மூலமொழியின் நேரான அறிவு தமிழ்நாட்டில் அரிதாயிருந்தமைக்கு அவை சான்றாகின்றன.

3. தமிழ் கற்ற உருசியர்

இடைமொழியைக் கடக்கும் முயற்சி முதற்கண் உருசியர் பக்கத்திலிருந்தே எழுந்தது. இசைவாணராகிய கெராசிம் லெபெதேவ் 1785ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். ஈண்டுத் தமிழையும் ஓரளவு பயின்றார். பின்னர்க் கல்கத்தா சென்று, 1795ஆம் ஆண்டில் வங்கமொழி நாடகத்தை மேடையேற்றிப் புகழ் பெற்றார். அவர்தம் தமிழறிவு முழுமை பெற்றதென்று கூறுதற்கில்லை. எனினும், சென்னையில் இருந்து தமிழைச் செவிவழி கற்க முயன்ற உருசியர் வரிசையில் அவர் பெயர் தொடக்கத்தில் வைத்து எண்ணத்தக்கது.

முறையான ஆராய்ச்சி மெர்வர்த் இணையரால் தொடங்கியது. அலெக்சாந்தர் மெர்வர்த்தும் அவர் துணைவியார் லூத்மிலா மெர்வர்த்தும் பீட்டர்சுபர்க்கின் மானிடவியல் அருங்காட்சியகத்தின் பொருட்டு 1914ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டு வரை இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கி ஆய்வு நிகழ்த்தினர். தாயகம் மீண்ட பின்னர் மெர்வர்த் தமிழ் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். 1929ஆம் ஆண்டில் லெனின்கிராதில் அவர்தம் பேச்சுத்தமிழ் இலக்கணம் வெளிவந்தது. எழுத்துத் தமிழை விடுத்துப் பேச்சுத் தமிழை அவர் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டே அவர் சிறைப்படுத்தப்பட்டார்; 1932ஆம் ஆண்டு தண்டனை முகாமில் உயிர் நீத்தார். தமிழ்க் கல்வி ஒரு தலைமுறைக் காலம் தளர்ந்தது.

அது மீண்டும் தழைத்தது 1950களிலேயே ஆகும். பியாத்திகோர்சுகி, ரூதின் ஆகிய இருவரும் தொகுத்த தமிழ்-உருசிய அகராதி 1960ஆம் ஆண்டு மாசுகோவில் வெளிவந்தது. ஏறத்தாழ 38,000 சொற்களைக் கொண்ட அதனைப் பதிப்பித்தவர் பூர்ணம் சோமசுந்தரம் என்னும் தமிழர். அந்திரோனோவ் முதலியோர் தொகுத்த உருசிய-தமிழ் அகராதி 1965ஆம் ஆண்டு வந்தது. கிளாசோவ் திருக்குறளை உருசியத்தில் தந்தது 1963ஆம் ஆண்டு. சிலப்பதிகாரத்தைத் தந்தது 1966ஆம் ஆண்டு. அந்திரோனோவின் தமிழ் இலக்கணமும் அவ்வாண்டே உருசிய மொழியில் அச்சேறியது. பிற்காலத்தே மாசுகோ பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தை ஆராய்ந்தும் கற்பித்தும் வந்த துபியான்சுகி 2020ஆம் ஆண்டு மறைந்தார்.

இவ்வறிஞரின் வாழ்வு யாவும் இனிதாய் அமைந்ததன்று. கிளாசோவ் 1972ஆம் ஆண்டிலும், பியாத்திகோர்சுகி 1974ஆம் ஆண்டிலும் தாயகம் துறந்து வெளிநாடு சென்றனர். ஆயினும் பதினைந்து ஆண்டுகளுக்குள் இரு அகராதிகளும், இலக்கணமும், இரு பெருநூல்களின் மொழிபெயர்ப்பும் அமைந்துவிட்டன. தமிழ் கற்க விரும்பும் உருசிய மாணவன் ஆங்கிலத்தின் துணையின்றியே தமிழைக் கற்கலாயினன்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அந்திரோனோவின் இலக்கண ஆராய்ச்சி 1969ஆம் ஆண்டு சென்னையில் நூலாக வெளிவந்தபோது ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. தமிழைப் பற்றி உருசியர் கூறியதனைத் தமிழர் ஆங்கிலத்திற் படித்தனர். இவ்விரு நாட்டுறவில் இடைமொழி எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. உருசியம் கற்ற தமிழர்

தமிழர் உருசியம் கற்கத் தொடங்கியமைக்குத் தொழில் வளர்ச்சியே முதற்காரணமாயிற்று. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் துணையுடன் அமைந்தது. அதன் முதற்பகுதி 1962ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. சென்னையின் தென்புறத்தே கிண்டியை அடுத்த நந்தம்பாக்கத்தில் அமைந்த அறுவைக் கருவித் தொழிற்சாலையும் அத்துணையால் எழுந்ததே. பொறி வந்த இடத்திற்குப் பொறியின் வரைபடமும் வந்தது. வரைபடத்தோடு அதன் மொழியும் வந்தது. பின்னர், 1988ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கூடங்குளத்தில் அணுமின் நிலையம் அமைந்து, 2013ஆம் ஆண்டு அதன் முதல் உலை மின்னிணைப்புப் பெற்றது. அங்கும் உருசிய வல்லுநரோடு தமிழ்ப் பொறியாளர் பழகும் நிலை ஏற்பட்டது.

கல்வித் துறையிலும் வழிகள் திறந்தன. ஆசிய ஆப்பிரிக்க நாட்டு மாணவர்க்கென மாசுகோவில் 1960ஆம் ஆண்டு தோன்றிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டு லுமும்பாவின் பெயரைப் பெற்றது. அயல்நாட்டு மாணவர் முதலில் ஆயத்த வகுப்பில் மொழியைக் கற்றபின்னரே துறைக் கல்வி புகுதல் அந்நாட்டு வழக்கம். அம்முறையில் இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் அங்கே பயின்றனர். தில்லியில் உருசியக் கல்வி நிறுவனம் 1965ஆம் ஆண்டு தோன்றியது. சென்னையில் ஆழ்வார்பேட்டைக் கஸ்தூரி ரங்கன் சாலையிலுள்ள உருசியப் பண்பாட்டு மையம் மொழி வகுப்புகளை நடத்தி வருகின்றது. மறைமலை நகரிலிருந்து அதற்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். புறநகர்த் தொடர்வண்டியில் வந்து, பேருந்தில் மாறிச் செல்லும் தொலைவு.

மாசுகோவில் தங்கி மொழிபெயர்ப்புப் பணியாற்றிய தமிழரையும் மறத்தலாகாது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் ஆகியோரின் பெயர்கள் உருசிய இலக்கியம் பயின்ற தமிழ் வாசகர் அனைவர்க்கும் அறிமுகமானவை. லெர்மந்தோவின் ‘நம் காலத்து நாயகன்’, அயித்மாத்தோவின் ‘முதல் ஆசிரியர்’ முதலியவற்றைத் தமிழாக்கிய சோமசுந்தரம் உருசிய மொழியை நன்கறிந்தவர். மேற்கூறிய அகராதியைப் பதிப்பித்தவரும் அவரே. 1991ஆம் ஆண்டு சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் மாசுகோவிலிருந்து தமிழ்நூல்கள் வருதல் நின்றது. மலிவு விலையில் கிடைத்த அந்நூல்களோடு உருசிய மொழியிடத்து நம் இளைஞர் கொண்டிருந்த ஆர்வமும் பெரிதும் குறைந்தது.

இன்று உருசியம் கற்பவர் பெரும்பாலும் மருத்துவம் நாடுவோர். அயல்நாட்டு மருத்துவக் கல்வி ஆங்கில வழியில் அமைதல் வேண்டும் என்பது இந்திய நாட்டின் 2021ஆம் ஆண்டு விதி. ஆதலின் மொழித்தேர்வு எல்லார்க்கும் கட்டாயமன்று. எனினும் பாடம் எம்மொழியில் நடப்பினும் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நோயாளி பேசுவது உருசியமே. நோய் எங்கே, எப்பொழுது, எவ்வாறு என்று கேட்டறியாத மாணவன் மருத்துவத்தின் முதற்பாடத்தையே இழப்பான். உருசிய வழியில் பயிலக் கருதுவோர்க்கோ தேர்வே வாயிலாகின்றது.

5. தேர்வின் அமைப்பு

அயல்நாட்டார்க்கான உருசிய மொழித் தேர்வு 1990களில் ஒழுங்கு பெற்றது. அதன் நிலைகள் ஆறு: தொடக்க நிலை, அடிப்படை நிலை, அவற்றின் மேல் முதல் நிலை தொட்டு நான்காம் நிலை ஈறாக நான்கு. ஒவ்வொரு நிலைக்கும் அறிந்திருக்க வேண்டிய சொற்றொகை வரையறுக்கப்பட்டுள்ளது. தொடக்க நிலைக்கு 780 சொற்கள். அடிப்படை நிலைக்கு 1,300. முதல் நிலைக்கு 2,300. இரண்டாம் நிலையில் அது 10,000 ஆக உயர்கின்றது. நான்காம் நிலைக்கு 20,000 சொற்கள் வேண்டும். உருசிய வழியில் பல்கலைக்கழகக் கல்வி பெற விழைவோர்க்குரியது முதல் நிலையாகும்.

ஒவ்வொரு நிலையிலும் ஐந்து பகுதிகள் உள்ளன. அவை சொல்லும் இலக்கணமும், படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்பன. தேர்ச்சிக்குப் பொதுவாக 66 விழுக்காடு வேண்டும். முதல் நிலையின் மாதிரித் தேர்வுகளில் படித்தல், எழுதுதல் ஆகிய பகுதிகட்கு அகராதியைப் பயன்படுத்த இசைவு உண்டு. சொல்லும் இலக்கணமும் என்ற பகுதிக்கு அவ்விசைவு இல்லை. ஆகவே சொற்பொருளை மறந்தவன் அகராதியால் ஓரளவு உய்யலாம். வேற்றுமையை அறியாதவனுக்கு உய்வில்லை. மாணவர் பெரிதும் இடர்ப்படுவது இப்பகுதியிலேயே என்பதை யாம் உரையாடிய மாணவர் அனைவரும் ஒருமுகமாகக் கூறினர்.

அவர்தம் கையிலிருந்த விளக்க நூல்கள் ஆங்கில வழியன. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வேற்றுமையால் திரிதல் பெரிதும் மறைந்துவிட்டது. வேற்றுமை இழந்த மொழியைக் கொண்டு, வேற்றுமையே உயிராகிய மொழியை விளக்கப் புகும் நூல், ஒவ்வொரு வடிவத்தையும் புதுமையாகக் காட்டுதல் இயல்பே. அந்நூல் ஆங்கிலேயர்க்கு எழுதப்பட்டது. அவர்க்கு அது பொருந்தும். வேற்றுமை எட்டினையும் நாவிற்கொண்டு பிறந்த தமிழ் மாணவனுக்கு அது சுற்றுவழியாகும்.

6. வேற்றுமை ஒப்புமை

தொல்காப்பியர் வேற்றுமையை விளியொடு சேர்த்து எட்டாக வகுத்தார். இற்றை உருசிய இலக்கணத்தார் ஆறாக வகுப்பர். அவற்றின் பெயர்க் காரணம் நோக்கின் இரு மரபும் அணுக்கமாதல் புலப்படும். முதல் வேற்றுமைக்கு உருசியர் வழங்கும் ‘இமெனீதெல்னி’ என்ற பெயர், ‘பெயர்’ எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது; தொல்காப்பியரும் முதல் வேற்றுமையைப் பெயர் என்றே குறித்தார். ‘தாத்தெல்னி’ என்பது கொடுத்தல் என்னும் வினையடியாகத் தோன்றியது. நம் நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் நன்னூலார் முதற்கண் வைத்ததும் கொடையே. ‘த்வரீதெல்னி’ என்பது செய்தல், படைத்தல் என்னும் பொருளது. கருவி, கருத்தா என்னும் பொருள்களையுடைய நம் மூன்றாவதற்கு அது நிகராகும். ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளை உருசியம் முன்னிடைச்சொல்லும் ஆறாவதற்கு நிகரான வேற்றுமையும் கூட்டி உணர்த்தும். விளி வேற்றுமை பழைய உருசியத்தில் இருந்தது. இன்று கடவுளை விளிக்கும் சில சொற்களில் எஞ்சியுள்ளது.

மூன்றாம் வேற்றுமையை இன்னும் சிறிது நுணுகிக் காண்போம். ‘எழுதுகோலால் எழுதினான்’ என்புழி ஆல் உருபு கருவிப் பொருளில் வந்தது. ‘நண்பனொடு வந்தான்’ என்புழி ஒடு உருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வந்தது. பொருள் வேறாயினும் இரண்டும் மூன்றாம் வேற்றுமையே. உருசியத்தில் ‘எழுதுகோலால்’ என்பதற்கு ‘ரூச்கய்’ என்பர். ‘நண்பனொடு’ என்பதற்கு ‘ஸ் த்ரூகம்’ என்பர். இரண்டிலும் வேற்றுமை ஒன்றே. உடனிகழ்ச்சிக்கு மட்டும் ‘ஸ்’ என்னும் இடைச்சொல் முன்னே வருகின்றது. ஆங்கிலமோ இரு பொருட்கும் ஒரே முன்னிடைச்சொல்லை ஆள்கின்றது. ஆதலின் ஆங்கில வழி கற்பவன் கருவிக்கும் ‘ஸ்’ சேர்த்துப் பிழை செய்கின்றான். ஆல் உருபுக்கு இடைச்சொல் இல்லை, ஒடு உருபுக்கு உண்டு என்று தமிழில் ஒரு வரி கூறின் அப்பிழை நிகழாது.

இரண்டாம் வேற்றுமையிலும் வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு. அஃறிணைப் பெயரின்பின் ஐ உருபு தொக்கு நிற்றலும் உண்டு. ‘மரம் வெட்டினான்’ என்பது வழக்கு. உயர்திணைப் பெயரின்பின் அவ்வுருபு விரிந்தே வருதல் வேண்டும் என்பர் இலக்கண நூலார். ‘மகனைக் கண்டான்’ என்பதே மரபு. உருசியத்தில் மேசையைக் குறிக்கும் ‘ஸ்தோல்’ என்னும் ஆண்பாற்சொல் செயப்படுபொருளாகும்போதும் எழுவாய் வடிவிலேயே நிற்கும். உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘ப்ராத்’ என்னும் சொல்லோ ‘ப்ராதா’ எனத் திரியும். உயிருடையதற்கும் உயிரில்லதற்கும் உருசியர் காட்டும் வேற்றுமை இது. வேறுபாடு ஒன்றே: விலங்கும் பறவையும் நமக்கு அஃறிணை, உருசியர்க்கு அவை மக்களோடு ஒரு நிரையில் நிற்கும். பூனையைக் குறிக்கும் ‘கோத்’ என்பதும் ‘கதா’ எனத் திரியும். இதனைக் கற்பிக்குங்கால் திணைப் பாகுபாட்டைக் கூறி, அதன் எல்லையைச் சிறிது நகர்த்திக் காட்டின் போதும்.

7. தொடரும் எச்சமும்

‘அவன் மாணவன்’ என்பது பெயர்ப்பயனிலை கொண்ட தொடர். ‘ஓன் ஸ்துத்யேன்த்’ என்பது அதன் உருசிய வடிவம். இரண்டிலும் இடையே வினைச்சொல் இல்லை. சுட்டுச்சொல்லன்றிப் பெயர்க்கு முன் வரும் சார்புச்சொல்லும் இரு மொழியிலும் இல்லை. ‘என்னிடம் நூல் உண்டு’ என்று நாம் கூறுவதுபோலவே உருசியரும் ‘உ மென்யா யெஸ்த் க்னீகா’ என்று உடைமையை இடப்பொருளிற் கூறுவர். ‘இல்லை’ என்னும் நம் சொல், மறுமொழியாகவும் இன்மை குறிக்கும் பயனிலையாகவும் நிற்பதுபோல, ‘ந்யெத்’ என்னும் சொல்லும் இருதொழில் செய்யும். எனக்குக் குளிர்கின்றது, எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும் என்று துய்ப்போனை நான்காம் வேற்றுமையில் வைத்துக் கூறும் மரபும் இரு மொழிக்கும் பொது.

வினைமுற்றில் பால் காட்டும் வழக்கும் உருசிய இறந்தகாலத்தில் உண்டு. எழுதினான் என்பதற்குப் ‘பிஸால்’, எழுதினாள் என்பதற்குப் ‘பிஸாலா’, எழுதியது என்பதற்குப் ‘பிஸாலோ’, பன்மைக்குப் ‘பிஸாலி’. நாம் இடமும் காட்டுவோம். அவர் இறந்தகாலத்தில் பாலும் எண்ணும் மட்டுமே காட்டுவர். ‘எழுதிக்கொண்டிருந்தான்’, ‘எழுதிவிட்டான்’ என்று துணைவினையால் நாம் வேறுபடுத்தும் தொழில்நிலையை அவர் ‘பிஸால்’, ‘நபிஸால்’ என இரு வினைகளால் வேறுபடுத்துவர். இவ்வொப்புமை எல்லா இடத்தும் செல்லாது. ஆயினும், முற்றுப்பெற்ற வினையும் முற்றுப்பெறா வினையும் எதற்காக வேறுபட வேண்டும் என்ற முதல் ஐயத்தை இது நீக்கும்.

எச்சங்களின் ஒப்புமை இவற்றினும் ஆழமானது. ‘எழுதி’ என்னும் வினையெச்சத்துக்கு ‘நபிஸாவ்’ என்பது நேர். செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பிய விதி. உருசிய விதியும் இதுவே; தேர்வில் அடிக்கடி ஆராயப்படுவதும் இதுவே. செக்கோவ் 1884ஆம் ஆண்டு எழுதிய நகைச்சுவைக் கதையொன்றில், தொடர்வண்டி நிலையத்து முறையீட்டு ஏட்டில் பயணி ஒருவன் இவ்விதியை மீறி எழுதுகின்றான். இயற்கையழகைக் கண்டது அவனது தொப்பியே என்னும்படி வாசகம் அமைந்துவிடுகின்றது. உருசியப் பள்ளிகளில் இவ்விதிக்கு அதுவே பேரெடுத்துக்காட்டு. தமிழில் ‘மழை பெய்து நெல் விளைந்தது’ போல்வன வழக்கில் அமைந்தன. காரண காரியம் பற்றி அவற்றை நாம் ஏற்கின்றோம். உருசியம் அவ்விலக்கினை ஏலாது. விதியும் விலக்கும் அறிந்த தமிழ் மாணவனுக்கு, ‘விதியைக் கொள்க, விலக்கைத் தள்ளுக’ என்று கூறுதலே பாடம் முழுமையும் கற்பித்தலாகும்.

8. தமிழ் துணையாகாத இடங்கள்

ஒற்றுமையை மட்டும் கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. தமிழறிவு துணையாகாத இடங்களும், இடர் விளைக்கும் இடங்களும் உள்ளன.

முதலாவது எழுத்து. உருசிய எழுத்துகள் முப்பத்து மூன்று. அவற்றுள் இரண்டு தமக்கென ஒலியில்லாத குறிகள். நம் மெய்யெழுத்தின் புள்ளியை நினைவூட்டுவன. ஆனால் உருசியர் மெய்களை வன்மெய், மென்மெய் என்று பகுப்பது நம் வல்லினம், மெல்லினம் அன்று. அவர் மென்மை என்பது நடுநா அண்ணத்தை நோக்கி எழுதலால் மெய்யொலி குழைதலாகும். பெயரொற்றுமை கண்டு மயங்கும் மாணவன் தவறுவான். ககரத்தின் இருவகை ஒலியைத் தமிழ் ஓர் எழுத்தாற் குறிக்கும். உருசியத்திற்கு அவை இரண்டு எழுத்து, இரண்டு பொருள். தகரமும் பகரமும் அத்தகையனவே. ஆதலின் உருசியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தல் தீங்கு பயக்கும். யாம் ஈண்டு அவ்வாறு எழுதியது அச்சு வசதி கருதியே. மாணவர்க்கு அது முறையாகாது.

இரண்டாவது அழுத்தம். ‘மூகா’ எனின் துன்பம்; ‘முகா’ எனின் மாவு. எழுத்து ஒன்றே, அழுத்தம் வேறு. சொல்லழுத்தத்தால் பொருள் வேறுபடுத்தல் தமிழில் இல்லை. இதனைச் செவியாலன்றிக் கண்ணாற் கற்றல் இயலாது.

மூன்றாவது பால். நாம் பொருள் நோக்கிப் பால் வகுத்தோம். உருசியர் பெரும்பாலும் சொல்லின் ஈறு நோக்கி வகுத்தனர். மேசை ஆண்பால்; நூல் பெண்பால்; சாளரம் ஒன்றன்பால். திணையறிவு இங்கே தடையாகின்றது. நான்காவது இயக்க வினைகள். நடந்து செல்லல் வேறு, ஊர்தியிற் செல்லல் வேறு. ஒருமுறை ஒருதிசை செல்லல் வேறு, பலகால் சென்று மீளல் வேறு. இவை ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. வா, போ என்று பேசுவோன் நிலை பற்றி வினை வகுத்த தமிழர்க்கு இப்பாகுபாடு புதிது. ஐந்தாவது, பெயரெச்சம். ‘படித்த மாணவன்’, ‘படித்த நூல்’ என்று ஒரே எச்சம் வினைமுதலையும் செயப்படுபொருளையும் கொண்டு முடிதல் நம் மரபு. உருசியத்தில் இவ்விரண்டுக்கும் வடிவங்கள் வேறு. இவ்விடங்களில் மாணவனது உழைப்பே துணை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த கருத்துகள் இவை. உருசியர் தமிழ் கற்றற்கு நேர்வழி சமைத்துக்கொண்டனர். அவ்வழியின் அகராதியில் தமிழர் கையும் உண்டு. தமிழர் உருசியம் கற்பதோ இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியது. வேற்றுமை, பெயர்ப்பயனிலை, எச்சம், திணை ஆகியவற்றில் இரு மொழியும் ஒத்து நிற்க, அவ்வொப்புமையை மறைக்கும் மொழியின் வாயிலாகப் பாடம் நடத்தப்பெறுகின்றது.

இதற்கு ஆங்கிலத்தைக் குறை கூறுதல் பொருந்தாது. குறை நம்பால் உள்ளது. மேற்குறித்த மாணவர்க்குத் தமிழ் நாவிலிருந்தது. நான்காம் வேற்றுமை என்னும் பெயர் நினைவிலில்லை. ‘பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது, மறந்துவிட்டது’ என்றார். நன்னூலைத் தேர்வுக்கு மட்டும் உரியதாக்கி நாம் கற்பித்தோம்; உலக மொழிகளுள் ஒன்றனைத் திறக்கும் திறவுகோல் அது என்று காட்டினோமல்லேம். இலக்கணம் பழம்பெருமைக்குச் சான்றாக மட்டும் நின்று, வாழும் மாணவனுக்குக் கருவியாகாது போயின், அவ்விழப்பு உருசியத்துக்கன்று, தமிழுக்கே ஆகும்.

மறைமலையடிகள் ஆங்கிலமும் வடமொழியும் ஆழக் கற்றவர். வடமொழிச் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப்பணி துறந்து, 1911ஆம் ஆண்டு பல்லாவரத்தில் குடியேறி, 1916ஆம் ஆண்டு தனித்தமிழ் நெறியை மேற்கொண்டார். தமிழைத் தூயதாக வைத்தலும் பிறமொழியைத் திறம்படக் கற்றலும் தம்முள் முரணாகா என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவர் பெயர் பூண்ட நகரில் இருந்து வைகறைத் தொடர்வண்டியில் உருசியப் பாடம் கேட்கச் செல்லும் மாணவனுக்கு நம் தமிழ்த் துறைகள் ஆற்றத்தக்க தொண்டு ஒன்று உண்டு. அது, தமிழ் இலக்கணக் கலைச்சொற்களால் அமைந்த ஒரு சிறு உருசிய இலக்கணம். ஒப்புமையையும் வேறுபாட்டையும் ஒருங்கே காட்டும் நூறு பக்க நூல். மெர்வர்த் தம் மாணவர்க்கு 1929ஆம் ஆண்டில் செய்தளித்ததனை நாம் நம் மாணவர்க்குச் செய்தல் அரிதன்று. தமிழ் ஆய்வாளரும் உருசிய மொழி ஆசிரியரும் கூடி முயலின் அது விரைவில் கைகூடும். ‘எனக்கு இருபது வயது’ என்னும் தொடரை இனி எந்தத் தமிழ் மாணவனும் அயல்மொழியின் புதுமையென்று நெட்டுருச் செய்யாதிருப்பானாக.